உப்புத்தண்ணீர் ஊசி

நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்க்கும் ஜூமாபெக்குக்குக் குடியை நிறுத்த டாக்டர் ஊசி போட்டு, ஓராண்டுக்குள் குடித்தால் செத்துப்போவாய் என்று எச்சரித்துக் கையெழுத்தும் வாங்கியிருந்தார். ஊசியில் இருந்தது வெறும் உப்புத்தண்ணீர் என்பது அவன் மனைவி பாத்மாவுக்கு மட்டும் தெரியும்.

நான்காம் மாதம், அண்ணன் எசென் தன் மகள் கல்யாண விருந்தில் வோட்காவை நீட்டினான்.

"குடி ஒரு நோயாம்ல. காய்ச்சல் அடிக்குதா, இருமுதா? எம் பொண்ணை வாழ்த்திக் குடிக்காதவன் தம்பியாடா?"

"நோய்தான் அத்தான். குடிச்சா உசுரு போயிடும்," என்றாள் பாத்மா.

ஜூமாபெக் அவளைப் பார்த்தபடியே கோப்பையைக் காலி செய்தான். நெஞ்சில் கைவைத்துச் சாவுக்குக் காத்திருந்தான். தட்டில் குதிரைக்கறி ஆறிப்போனது. அவனுக்கு வியர்க்கக்கூட இல்லை.

"சாகலையே பாத்மா," என்று மெதுவாகச் சொன்னான். பிறகு அண்ணனிடம் கோப்பையை நீட்டினான். "இன்னொண்ணு ஊத்துண்ணே."