அக்கா குரல் மட்டும் வேண்டாம்

சனிக்கிழமை மத்தியானம் சபை ஹாலில் தனியாக உட்கார்ந்து நான் அக்காவின் குரலை அழித்துக்கொண்டிருந்தேன். மின்விசிறி ஓடினால் அதன் இரைச்சல் காதைக் குழப்பும் என்று நிறுத்தியிருந்ததால் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. சுவரோரம் அடுக்கிய பிளாஸ்டிக் நாற்காலிகள், துணி போட்டு மூடிய டிரம்ஸ், கடைசி வரிசைக்குப் பின்னால், மைக்குகளின் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் என் மிக்ஸர் மேசை. பதினோரு வருஷமாக எனக்கு அதுதான் இடம். ஜெபத்தில் எல்லோரும் கண்ணை மூடும்போது திறந்து வைத்துக்கொள்ள அனுமதி உள்ள ஒரே ஆள் நான். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

சபையின் ஆண்டு விழாவுக்குப் பழைய பாடல் பதிவுகளைத் தொகுத்துத் தரும்படி பாஸ்டர் கேட்டிருந்தார். "எல்லாம் நல்ல பாட்டு தம்பி. உங்க அக்கா குரல் மட்டும் வேண்டாம். அந்த ஆவிக்கு நாம இடம் கொடுக்கக் கூடாது பாருங்க." தோளில் கை வைத்து, அன்பாகத்தான் சொன்னார். என் கல்யாணத்தை நடத்தி வைத்த கை அது. நானும் சரி பாஸ்டர் என்று தலையாட்டிவிட்டு வந்தேன். தலையாட்டுவதில் என்னை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

அக்காவுக்கு ஆவி பிடித்ததாக முடிவானது இரண்டு வருஷத்துக்கு முன்னால். எங்கள் சபையில் ஒரு தையல்கார அம்மா, சர்க்கரை வியாதிக்காரர். விசுவாசம் இருந்தால் மாத்திரை எதற்கு என்று பாஸ்டர் கேட்டதில் அந்த அம்மா மாத்திரையை நிறுத்திவிட்டார். மூன்றாம் வாரம் மயங்கி விழுந்தவரை வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனது அக்காதான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாட்சி சொல்லும் நேரத்தில் மைக்கைப் பிடித்தாள். "அவங்க பிழைச்சதுக்கு ஆண்டவருக்கு நன்றி. ஆனா மாத்திரைய நிறுத்தச் சொன்னது தப்பு. அதைச் சொன்னது..." பாஸ்டரின் விரல் என்னைப் பார்த்துக் கீழே இறங்கியது. நான் அவள் மைக்கின் சத்தத்தை முழுதாக இறக்கினேன். அதற்குப் பிறகு அவள் வாய் அசைந்தது மட்டும்தான் தெரிந்தது.

"பொல்லாத ஆவியே, வெளியே போ!" என்று பாஸ்டர் எழுந்தார். நாலு பேர் அவள் தலையில் கையை வைத்து அழுத்தினார்கள். பேய் விரட்டும்போது பாஸ்டர் குரலில் எக்கோ கூட்டுவது எங்கள் வழக்கம். "போ, போ, போ" என்று சுவரெல்லாம் சொன்னால்தான் ஜனங்களுக்கு மயிர் கூச்செறியும். அக்கா கத்தவில்லை, கீழே விழவும் இல்லை. விழாததே அந்த ஆவி எவ்வளவு பிடிவாதமானது என்பதற்கு அத்தாட்சியாகிவிட்டது. அன்றிலிருந்து அவளோடு பேச்சு வார்த்தை, கொடுக்கல் வாங்கல் எதுவும் கூடாது என்று சபைக்குக் கட்டளை. அம்மா போன பிறகு எனக்குத் தலை சீவிப் பள்ளிக்கூடம் அனுப்பியவள் நாலு தெரு தள்ளி இருந்தாள். நான் சுற்று வழியாக வேலைக்குப் போகப் பழகிக்கொண்டேன். அந்தத் தையல்கார அம்மா இன்றைக்கும் மாத்திரை டப்பாவைக் கைப்பையில் ஒளித்து வைத்துக்கொண்டு மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து அல்லேலூயா சொல்கிறார்.

அந்தப் பழைய பதிவுகளில் பெண்கள் பாடியது நாலு மைக்கில், தனித்தனியாகப் பதிவானது. அக்காவுடையதை நிறுத்தினால் வேலை முடிந்தது என்று நினைத்திருந்தேன். நிறுத்திவிட்டுக் கேட்டேன். அவள் இருந்தாள். பக்கத்தில் நின்ற பெண்ணின் மைக்கில் அவள் குரல் கசிந்திருந்தது. அதை இறக்கினால் அடுத்ததில் இருந்தாள். பாஸ்டருடைய மைக்கில்கூட, அவர் இருமலுக்குப் பின்னால், தூரத்தில் பாடிக்கொண்டிருந்தாள். மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு அவளை மட்டும் ஹெட்போனில் விட்டேன். வேலைக்காகத்தான் என்று சொல்லிக்கொண்டேன். ஒரே பாட்டை எத்தனை முறை கேட்டேன் என்று தெரியவில்லை. எனக்கு அவள் வேண்டும். ஆராதனையில் இருக்கிறார் என்று நான் நம்பிய கடவுள்கூட, அவளை விலக்கிய பிறகு என்னிடம் பேசவில்லை. பிசாசு கொம்பும் வாலுமாக வரும் என்று சின்ன வயதில் பயந்திருக்கிறேன். தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு மிக்ஸர் மேசையில் உட்கார்ந்திருக்கும் என்று யாரும் எச்சரிக்கவில்லை.

ஹாலைப் பூட்டிவிட்டு நேர் வழியாக நடந்தேன்.

அக்காதான் கதவைத் திறந்தாள். காதோரம் நன்றாக நரைத்திருந்தது. கையில் சோப்பு நுரை. என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"என்னடா, பேய் வீட்டுக்குத் தைரியமா வந்திருக்க. பாஸ்டர்கிட்ட சொல்லிட்டு வந்தியா, சொல்லாம வந்தியா?"

சிரிக்க வேண்டுமா என்று தெரியவில்லை. வழி நெடுக யோசித்து வைத்ததையெல்லாம் விட்டுவிட்டேன். "மன்னிச்சிடுக்கா" என்றேன்.

"எதுக்கு? மைக்க நிறுத்தினதுக்கா, எக்கோ வெச்சதுக்கா?"

"ரெண்டுக்கும்தான்."

நுரையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். நிதானமாகத்தான் பேசினாள். "மைக்க நிறுத்தினத நான் எப்பவோ விட்டுட்டேன். அவர் விரலக் காட்டினாரு, நீ பயந்துட்ட. நீ சின்னதுலேர்ந்தே பயந்தாங்கொள்ளி. ஆனா எக்கோ? அத அன்னைக்கு உன்கிட்ட யாருமே கேக்கலையேடா. நீயா வெச்ச."

ஆமாம். யாரும் கேட்கவில்லை. பாஸ்டர் என் பக்கம் திரும்பக்கூட இல்லை. அக்காவின் தலையை நாலு கைகள் அழுத்தியபோது, காட்சி நன்றாக அமைய வேண்டும் என்று நானாகத்தான் அந்த எக்கோ குமிழைத் திருகினேன். அளவாக, கச்சிதமாக வந்ததில் எனக்கு ஒரு திருப்திகூட இருந்தது. இரண்டு வருஷமாக அந்தத் திருப்தியை நான் எடுத்துப் பார்த்ததே இல்லை.

"இப்பல்லாம் பாடறியாக்கா?"

"இல்ல." பதில் சட்டென்று வந்தது. "வாயத் திறந்தா 'போ போ'ன்னு கேக்குது."

திரும்பி உள்ளே போனாள். கதவைச் சாத்தவில்லை. உள்ளே வா என்றும் சொல்லவில்லை. அடுக்களையில் குழாய் திறக்கும் சத்தமும் பாத்திரங்கள் இடிபடும் சத்தமும் கேட்டன. நான் வாசற்படியில் நின்றேன். தெருவில் ஒரு சைக்கிள் போனது, எதிர் வீட்டில் யாரோ துணிகளைக் கொடியிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"ஷூவ வெளியில கழட்டு. இப்பதான் தரைய துடைச்சேன்" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

படியில் உட்கார்ந்து குனிந்தேன். ஷூ கயிற்றின் முனையை அவசரத்தில் தப்பாக இழுத்துவிட்டேன் போலிருக்கிறது, முடிச்சு இன்னும் இறுகிவிட்டது. கண் கலங்கி ஒன்றும் தெரியவில்லை. உள்ளே குழாய் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. நகத்தால் முடிச்சைக் கிளறிக்கொண்டே இருந்தேன்.