தானாகவே நின்றுவிட்டாள்

மாத்திரை அட்டைகளைப் பெட்டியில் அடைத்து அனுப்பும் அந்தக் கம்பெனியில், புது மெஷின் வந்து இறங்கியதும் பேக்கிங் பிரிவையே இழுத்து மூடிவிட்டார்கள். கூட்டத்தோடு கூட்டமாக சூப்பர்வைசரம்மாவையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். மற்ற பெண்கள் கேட்டில் நின்று மூக்கைச் சிந்தியபோது, இவள் ஒவ்வொருத்தியாகத் தட்டிக்கொடுத்து பஸ் ஏற்றிவிட்டாள். அவளுக்கு அந்தத் தெம்பு எங்கிருந்து வந்தது என்றால், இன்சூரன்ஸிலிருந்து வந்தது. வீட்டுக் கடன் வாங்கும்போதே புருஷன் பெண்டாட்டி இரண்டு பேர் பெயரையும் சேர்த்து ஒரு பாலிசி எடுத்திருந்தாள். யாருக்கு வேலை போனாலும், அடுத்த வேலை கிடைக்கிறவரை அவர் பங்குத் தவணையை இன்சூரன்ஸ்காரர்களே கட்டுவார்கள். "எதுக்கு இந்த தண்டச் செலவு?" என்று அப்போது முணுமுணுத்தவர் மாஸ்டர்தான்.

மாஸ்டர் என்றால் அவள் கணவர். டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பவர். நல்ல மனிதர், குடி கிடையாது, சீட்டாட்டம் கிடையாது. இருந்த ஒரே வியாதி கௌரவம். சொந்தக்காரர்கள் முன்னால் அரைச் சொல் தாழ்ந்துவிடக் கூடாது. காய்ச்சலில் அனலாகக் கொதித்துக்கொண்டு படுத்திருந்தாலும், போனில் "சும்மா ரெஸ்ட் எடுக்கறேன்" என்பார்.

இன்சூரன்ஸ் ஆபீஸில் காகிதங்களை எல்லாம் கொடுத்துவிட்டு அவள் காத்திருந்தாள். தவணை தவறியது. பேங்கிலிருந்து ஆள் வந்து, "இப்படியே போச்சுன்னா வீட்டை ஏலத்துக்கு விட வேண்டி வரும்மா" என்றார். "ஒண்ணும் கவலைப்படாதீங்க சார், இன்சூரன்ஸ் கட்டாயம் வரும்" என்று அவள் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னாள். மாஸ்டர் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

பணம் வரவே இல்லை. அந்த ஆபீஸுக்கே நேரில் போய்க் கேட்டுவிடுவது என்று கிளம்பினாள். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்த பெண் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "மேடம், நீங்களாவே வேலையை விட்டிருக்கீங்க. தானா விட்டா பணம் கிடையாது" என்றாள்.

"யாரு சொன்னது? கம்பெனி லெட்டரே குடுத்திருக்கேனே!"

"அதுல 'பணியிலிருந்து விடுவிக்கப்பட்டார்'னுதான் இருக்கு. அவங்க அனுப்பினாலும் அப்படித்தான் எழுதுவாங்க, நீங்களா கேட்டு நின்னாலும் அப்படித்தான் எழுதுவாங்க. கம்பெனிக்குப் போன் போட்டோம், யாரும் எடுக்கலை. அதனால பாலிசில இருக்கிற இன்னொருத்தர்கிட்ட கேட்டோம்."

"எந்த இன்னொருத்தர்?"

"உங்க வீட்டுக்காரர்தான் மேடம்."

நம்ப முடியாமல் நின்றவளிடம் அந்தப் பெண் ஹெட்போனை நீட்டினாள். மாஸ்டரின் குரல், சந்தேகமே இல்லை. "அவளை யாரும்மா அனுப்பறது? கையில கால்ல விழுந்து இருக்கச் சொன்னாங்க. போங்கடா நீங்களும் உங்க வேலையும்னு தூக்கிப் போட்டுட்டு வந்துட்டா. தானாவே நின்னுட்டா. அவ சம்பாதிச்சுதான் எங்க வீட்டுல அடுப்பு எரியணுமா என்ன?" பின்னால் யாரோ சிரிக்கிற சத்தம்.

அவள் ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்தாள். இத்தனை வருஷமாக அவள் சம்பளத்தில்தான் பாதித் தவணை போனது. பாவி மனுஷன், அடுப்பு எரியணுமாவாம்!

"அவர் தப்பாச் சொல்லிட்டேன்னு கைப்பட எழுதிக் குடுத்தா மறுபடி பார்க்கலாம். ஆனா இந்த வாரத்துக்குள்ள வேணும்" என்றாள் அந்தப் பெண்.

மாஸ்டர் சாயங்காலம் வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்டாள்.

"அன்னிக்குக் கார்ல யாரு இருந்தாங்க தெரியுமா?" என்று அவர் உடனே எகிறினார். "எங்க அண்ணனோட சம்பந்தி, என்கிட்ட வண்டி கத்துக்க வர்றவரு! போன் ஸ்பீக்கர்ல இருந்துச்சு. உங்க மனைவியை வேலையை விட்டுத் தூக்கிட்டாங்களான்னு பட்டுனு கேட்டா, அவர் முன்னாடி ஆமான்னு சொல்லச் சொல்றியா?"

"சரி, அவர் இறங்கிப் போனப்புறம் திரும்பக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாமே?"

"எப்படியும் குடுத்துடுவாங்கன்னு நெனச்சேன்."

"பேங்க் ஆள் வந்து ஏலம்னு சொன்னப்பக்கூட உங்களுக்கு வாய் வரலையா? நான் பைத்தியக்காரி மாதிரி வரும் வரும்னு சொல்லிட்டிருந்தேனே, கேட்டுட்டுத்தானே உக்காந்திருந்தீங்க?"

அவர் செருப்பைக் கழற்றி மூலையில் வைத்தார். எழுதிக் கொடுங்கள் என்றதற்கு மட்டும் சட்டென்று பேச்சு வந்தது. "நான் பொய்யன்னு நானே எழுதிக் குடுக்கணுமா? நாளைக்கு அது சம்பந்தி காதுக்குப் போனா?"

வீடு போனாலும் போகட்டும், சம்பந்தி காதுக்குப் போகக் கூடாது. அடடா, என்ன ஒரு கணக்கு!

மறுநாள் காலை அவளும் டிரைவிங் ஸ்கூலுக்குப் போய் நின்றாள். சம்பந்தி வகுப்புக்கு வந்தார். ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு அவர் உட்கார்ந்ததும், அவள் பின்கதவைத் திறந்து ஏறிக்கொண்டாள். மாஸ்டர் திரும்பி முறைத்தார். அவள் கண்டுகொள்ளவில்லை. வண்டி தெருமுனை தாண்டியதும், "அண்ணே, நான் வேலையை விடலை. என்னைத் தூக்கிட்டாங்க" என்றாள்.

வண்டி குலுங்கி நடுரோட்டில் நின்றுவிட்டது.

"தெரியுமேம்மா" என்றார் சம்பந்தி. "என் கொழுந்தியாளும் அங்கதானே வேலை பார்த்தா? உங்க செக்சனையே மூடிட்டாங்க, சூப்பர்வைசரம்மாதான் எங்களைத் தேத்தி அனுப்பினாங்கன்னு அன்னிக்கே வந்து அழுதா. மாஸ்டர் போன்ல அளந்து விட்டப்ப எனக்குச் சிரிப்பை அடக்க முடியலை. ஏதோ பந்தாவுக்குப் பேசறாரு, நமக்கெதுக்குன்னு விட்டுட்டேன். ஏம்மா, அதனால ஏதாவது பிரச்சினையா?"

மொத்தத்தில் மாஸ்டர் சொன்ன பொய்யை நம்பியது இன்சூரன்ஸ் கம்பெனி மட்டும்தான்.

"முதல்ல கிளட்ச்சை மிதிங்க, பின்னாடி வண்டி நிக்குது" என்றார் மாஸ்டர். முகம் செத்துப்போயிருந்தது.

வகுப்பு முடிந்து சம்பந்தி இறங்கிப் போனதும், மாஸ்டர் கார் பானெட் மேலேயே பேப்பரை வைத்து நாலு வரி எழுதினார். கையெழுத்துப் போட்டு அவள் பக்கம் தள்ளினார்.

"போதுமா? மானத்தை வாங்கிட்டே. இப்ப உனக்குத் திருப்திதானே?"

அவள் பேப்பரை மடித்துப் பையில் வைத்தாள். தப்புப் பண்ணிட்டேன் என்று ஒரு வார்த்தை வரும் என்று பார்த்தாள். அவர் பானெட்டில் படிந்திருந்த தூசியைத் துடைக்க ஆரம்பித்தார்.

கண்ணாடித் தடுப்புப் பெண் பேப்பரை வாங்கிப் படித்துவிட்டுச் சிரித்தாள். "இது போதும் மேடம். விட்டுப்போனதையும் சேர்த்து உங்க பங்குத் தவணையை நாங்க பார்த்துக்கறோம். வீட்டுக்கு ஒண்ணும் ஆகாது." பக்கத்து சீட்டில் இருந்தவர்கூட, நல்லதாப் போச்சும்மா என்றார். அவளும் தலையாட்டினாள். சந்தோஷம் வரவில்லை.

பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது மாஸ்டர் போன் செய்தார். "என்னாச்சு, ஒத்துக்கிட்டாங்களா?"

"ஒத்துக்கிட்டாங்க."

"அப்பாடா! சரி, எங்க அண்ணன் ஏதாவது கேட்டா, நான் எழுதிக் குடுத்ததை மட்டும் சொல்லிடாதே. ஆபீஸ்லயே தப்பா எழுதிட்டாங்கன்னு சொல்லிக்கலாம். என்ன?"

அவள் போனை வைத்தாள். வீட்டுக்குப் போகிற பஸ் வந்து நின்றது. கண்டக்டர் படியில் தொங்கியபடி, "வர்றீங்களாம்மா, இல்லையா?" என்று கத்தினான். அவளுக்கு ஏறக் கால் வரவில்லை.