பக்கத்து வீட்டுப் பீன்ஸ்

அந்தக் கோடையில் நெதர்கூம் கிராமத்தில் பச்சை என்று சொல்லிக்கொள்ள இரண்டுதான் மிச்சம். ஒன்று, மதுக்கடையின் கதவு. இன்னொன்று, மிசஸ் பாஸ்கோவின் பீன்ஸ் பந்தல். கதவுக்குப் பெயின்ட் அடித்திருந்தார்கள். பீன்ஸுக்கு என்ன செய்தார்கள் என்பதுதான் எனிட் ஹேலட்டுக்குப் புரியவில்லை.

ஏப்ரலுக்குப் பிறகு உருப்படியாக ஒரு மழை இல்லை. புல்வெளிகள் பிஸ்கட் நிறத்துக்கு வந்துவிட்டன. ஓடையில் வாத்துகள் நடந்து போயின. தோட்டத்துக்கு ரப்பர் குழாய் போட்டுத் தண்ணீர் விடக்கூடாது என்று அரசாங்கம் தடை போட்டிருந்தது. குளித்த தண்ணீர், பாத்திரம் கழுவிய தண்ணீர் இவற்றை ஊற்றிக்கொள்ளலாம். எனிட் வீட்டில் அதற்கென்று ஒரு முறையே உண்டு. முதலில் அவள் குளிப்பாள். அதே தண்ணீரில் அவள் கணவன் பெர்சி குளிப்பான். பிறகு அவன் அதை வாளி வாளியாக மொண்டு பின்கட்டு வழியாகக் கொண்டுபோய் பீன்ஸ் கொடிகளுக்கு ஊற்றுவான். முறை தவறாமல் நடந்தும் எனிட்டின் கொடிகள் பாதிக் கம்பத்தைத் தாண்டவில்லை. இலைகள் ஓரம் சுருங்கி, சிவப்புப் பூக்கள் காய் பிடிக்காமலே உதிர்ந்தன.

வேலிக்கு அந்தப் பக்கம் கதை வேறு. மிசஸ் பாஸ்கோவின் கொடிகள் கம்பத்தின் உச்சிவரை ஏறி, பிடிக்க ஒன்றும் இல்லாமல் காற்றில் கை நீட்டிக்கொண்டு நின்றன. பூவும் காயுமாகக் குலுங்கின.

எனிட்டுக்கு ஜூலை மாதம் என்றால் உயிர். மாலையில் சமையலறை நாற்காலியை ஆப்பிள் மரத்தடியில் போட்டுக்கொண்டு, மடியில் கிண்ணத்தை வைத்து பீன்ஸ் நறுக்குவது, அதை வேகவைத்து வெண்ணெய் போட்டு வாசல் படியில் உட்கார்ந்தே சாப்பிடுவது, அப்புறம் ஒரு கோப்பை ராஸ்பெரிப் பழம். வருஷம் முழுவதும் மழையையும் சேற்றையும் பொறுத்துக்கொள்வது இதற்காகத்தான் என்று அவள் நினைத்திருந்தாள். இந்த வருஷம் அதே மரத்தடியில், காலிக் கிண்ணத்தோடு, வேலிக்கு அப்பால் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அவள் சுபாவமும் அப்படி. முப்பது வருஷம் பள்ளிக்கூடச் சமையலறையில் பரிமாறியவள். ஒரு பையன் தட்டைச் சுத்தமாக வழித்துச் சாப்பிட்டிருந்தால் மற்றவர்கள் பாராட்டுவார்கள். எனிட் அவன் கால்சட்டைப் பையைத் தடவிப் பார்ப்பாள். பெரும்பாலும் அதற்குள்தான் முட்டைக்கோஸ் இருக்கும்.

"குழாய்தான் போடுறா. வேற வழியே இல்ல" என்றாள் பெர்சியிடம்.

பெர்சி ரேடியோவில் கிரிக்கெட் கேட்டுக்கொண்டிருந்தான். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவன். பின்னால் என்ன சத்தம் வந்தாலும் ரோட்டைப் பார்த்தே பழகியவன். "மண்ணு நல்ல மண்ணா இருக்கும்" என்றான்.

"வேலிக்கு இந்தப் பக்கம் ஒரு மண்ணு, அந்தப் பக்கம் ஒரு மண்ணா?"

"இருக்கலாம்."

"அவ கவென்ட்ரியிலேருந்து வந்தவ. அங்க என்ன தோட்டம் போட்டிருப்பா? காரு தொழிற்சாலைதான் இருக்கு."

பெர்சி ரேடியோவின் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினான்.

லோர்னா பாஸ்கோ விதவை. ஐம்பது வயதிருக்கும். மார்ச்சில் குடிவந்தாள். மே மாதக் கடைசியில் ஒருநாள் வேலியோரம் வந்து, தன் வீட்டு மழைநீர்ப் பீப்பாய் ஓட்டை என்றும், நாற்று வாடுகிறது என்றும், ஹேலட் வீட்டுப் பீப்பாயிலிருந்து ஒரு வாளி எடுத்துக்கொள்ளலாமா என்றும் கேட்டாள். "எங்களுக்கே அடியில கொஞ்சந்தான் கெடக்கு" என்று எனிட் சொல்லிவிட்டாள். அதன்பின் அந்தப் பெண் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமலே கொடி உச்சிக்கு ஏறியதுதான் எனிட்டை உறுத்தியது.

கடைக்குப் போனபோது நெட்டியிடம் இதைச் சொன்னாள். நெட்டிதான் ஊரின் ஒரே மளிகைக் கடைக்காரி. பன்றி இறைச்சியைச் சீவிக்கொண்டே ஊர் விஷயத்தையும் சீவுவாள்.

"கண்ணால பாத்தியா குழாயை?" என்றாள் நெட்டி.

"சத்தம் கேக்குது. உஸ்ஸுன்னு."

"அது பெர்சி மூச்சு விடுறதா இருக்கப்போவுது."

"நீ சிரி. நாமெல்லாம் குளிச்ச தண்ணியைக் கட்டிக்கிட்டு அழறோம். அவ ராணி மாதிரி குழாயைத் திருப்பி விடுறா."

உண்மையில் உஸ் என்ற சத்தத்தை எனிட் ஒருமுறைதான் கேட்டிருந்தாள். அது எதுவாகவும் இருந்திருக்கலாம். ஆனால் சொல்லச் சொல்ல அவளுக்கே அது தினமும் கேட்டதுபோல் ஆகிவிட்டது. கடையிலிருந்து வெளியே வந்தவள் எதிரிலிருந்த டெலிபோன் கூண்டுக்குள் நுழைந்தாள். கண்ணாடியெல்லாம் பொறிவண்டுகள் மொய்த்திருந்தன. அந்த வருஷம் எங்கே பார்த்தாலும் அவைதான். தண்ணீர் வாரியத்து ஆள் பெயர் கேட்டபோது, "பேரு எதுக்கு? ஒரு பொறுப்பான ஆளுன்னு வெச்சுக்குங்க" என்றாள்.

சில நாள் கழித்து, வேலிக்கு மேலே மிசஸ் பாஸ்கோவின் தலை தெரிந்தது.

"மிசஸ் ஹேலட், இன்னிக்கு மத்தியானம் டீக்கு வாங்களேன். ஸ்கோன் போட்டிருக்கேன். ராஸ்பெரியும் இருக்கு."

இத்தனை மாதம் கூப்பிடாதவள் இன்று ஏன் கூப்பிடுகிறாள்? போன் விஷயம் தெரிந்திருக்குமோ? தெரிந்தால் டீ கொடுப்பாளா? அந்த டீயில் என்ன இருக்கும்? எனிட் இதையெல்லாம் யோசித்தாள். ஆனால் அந்தப் பந்தலைப் பக்கத்தில் போய்ப் பார்க்க இதைவிட நல்ல வழி கிடைக்காது என்றும் யோசித்தாள். தொப்பியைப் போட்டுக்கொண்டு போனாள்.

பேரி மர நிழலில் மேசை போட்டு வெள்ளை விரிப்பு விரித்திருந்தது. ஸ்கோன் என்ற அந்தக் குட்டி ரொட்டி சூடாக இருந்தது. கெட்டி கிரீம். ராஸ்பெரிகள் வெயிலில் பழுத்து, தொட்டாலே சாறு கசிந்தது. தேனீக்கள் பீன்ஸ் பூக்களில் வேலையாக இருந்தன. எல்லாம் எப்படி இருக்க வேண்டுமோ அப்படியே இருந்தது. எனிட்டுக்கு அதுவே பிடிக்கவில்லை. கண்ணால் குழாயைத் தேடினாள். கொட்டகைச் சுவரில் அது சுருட்டி மாட்டியிருந்தது.

"கொடி நல்லா வந்திருக்கே. பக்கத்துல பாக்கலாமா?"

"தாராளமா பாருங்க."

எனிட் பந்தலடியில் குனிந்தாள். மண் ஈரமாக இருந்தது. அப்படியானால் நான் சொன்னது சரிதான் என்று மனம் குதித்தது. அடுத்த நொடி மூக்கில் ஒரு வாசனை ஏறியது. லாவண்டர்.

அவள் இன்னும் குனிந்து ஒரு கை மண்ணை எடுத்து முகர்ந்தாள். சந்தேகமே இல்லை. நார்ஃபோக்கில் இருக்கும் அவள் தங்கை கையால் காய்ச்சி, கிறிஸ்துமஸுக்கு அனுப்பும் சோப்பு. அந்த ஊரில் வேறு யாரிடமும் அது கிடையாது. கீழ் இலைகளில் சாம்பல் நிறத்தில் சோப்புப் படலம் காய்ந்திருந்தது. தான் குளித்த தண்ணீர் தன் கொடிக்கு வராமல் இங்கே எப்படி வந்தது?

பெர்சி.

எனிட் எழுந்து நின்றாள். சமீபமாக பெர்சி சாயங்காலத்தில் சீட்டியடிப்பது ஞாபகம் வந்தது. தலையைத் தண்ணீர் தொட்டு வாரிக்கொண்டு வாளியைத் தூக்குகிறானே, பீன்ஸுக்கு ஊற்றத் தலை வாரவேண்டுமா? ராத்திரிச் சாப்பாட்டை அரைகுறையாக வைத்துவிட்டு, "வெயில்ல பசிக்கல" என்கிறானே? மேசையிலிருந்த ஸ்கோன்களைப் பார்த்தாள். மிசஸ் பாஸ்கோவைப் பார்த்தாள். கை இல்லாத கவுன், வெயிலில் சிவந்த தோள், எதற்கும் சட்டென்று வரும் சிரிப்பு. இத்தனை நாள் குழாயைத் தேடியவள் தேடவேண்டிய இடத்தில் தேடவில்லை என்று தோன்றியது.

"உக்காருங்க, முகம் வெளுத்துப்போச்சே" என்றாள் மிசஸ் பாஸ்கோ.

எனிட் வாய் திறப்பதற்குள் முன்வாசல் கேட் கிறீச்சிட்டது. கழுத்துப்பட்டை தளர்ந்து, வியர்த்து, கையில் தொப்பியுடன் ஒருவர் உள்ளே வந்தார்.

"சிப்லி. தண்ணீர் வாரியம். மன்னிச்சுக்கணும் மேடம், ஒரு புகார் வந்திருக்கு. நீங்க குழாய் போட்டுத் தோட்டத்துக்குத் தண்ணி விடுறதா."

"யாரு சொன்னாங்க?"

"ஒரு அம்மா போன் பண்ணாங்க. பேரு சொல்லல."

எனிட் ஒரு ராஸ்பெரியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

சிப்லி கொட்டகைக்குப் போய்க் குழாயை இழுத்துப் பார்த்தார். சுருளுக்கு நடுவே சிலந்தி வலை கட்டியிருந்தது. குழாய் காய்ந்து வெடித்திருந்தது. திரும்பி வந்து பந்தலைப் பார்த்தார்.

"குழாய் இல்லதான். ஆனா இது ஈரமா இருக்கே மேடம். இந்த ஜில்லாவிலேயே நான் இப்படி ஒரு பீன்ஸைப் பாக்கல."

"குளிச்ச தண்ணி" என்றாள் மிசஸ் பாஸ்கோ. "என்னோடது இல்ல. நான் தனி ஆளு, கிண்ணத்துல தண்ணி வெச்சுத் துடைச்சுக்கறேன். இது இவங்க வீட்டுத் தண்ணி. மிசஸ் ஹேலட். தினமும் அவங்க வீட்டுக்காரர் கையில குடுத்தனுப்புறாங்க. கேட்டுப் பாருங்க."

சிப்லி எனிட் பக்கம் திரும்பினார். "அப்படியா மேடம்?"

இல்லை என்று சொன்னால், பெர்சி பெண்டாட்டிக்குத் தெரியாமல் பக்கத்து வீட்டுக்கு வாளி தூக்குகிறான் என்று ஊருக்கே சொன்னதாகும். நெட்டி அதை ஒரு வாரம் சீவுவாள். ஆமாம் என்றால், தான் செய்யாத ஒன்றைச் செய்ததாகச் சொல்லவேண்டும். எனிட் வாழ்க்கையில் எத்தனையோ பேரின் பொய்யைக் கண்டுபிடித்திருக்கிறாள். இப்போது தானே ஒன்று சொல்லவேண்டியிருந்தது.

"ஆமா. எங்க வீட்டுத் தண்ணிதான்."

சிப்லி அவளைக் கூர்ந்து பார்த்தார். "உங்க குரல எங்கயோ கேட்ட மாதிரி இருக்கு மேடம்."

"பள்ளிக்கூடத்துல இருந்தேன். எல்லாரும் கேட்டிருப்பாங்க."

"நான் இந்த ஊர்ல படிக்கலையே" என்றார் அவர். பிறகு ஒரு ஸ்கோனைக் கையில் வாங்கிக்கொண்டு, "உங்களை மாதிரி அக்கம்பக்கம் இருந்தா எங்களுக்கு வேலையே இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கேட் மூடியது. மிசஸ் பாஸ்கோ டீயை ஊற்றினாள்.

"நீங்க குடுத்தனுப்பலன்னு எனக்குத் தெரியும்" என்றாள். "மொத நாளே தெரியும். 'எனிட் குடுக்கச் சொன்னா'ன்னாரு. சொல்லும்போது காது ரெண்டும் செவந்துபோச்சு. அந்த மனுஷனுக்குப் பொய் சொல்ல வராது."

"உள்ள வருவாரா?"

"பந்தலடியில ஊத்திட்டு அப்படியே போயிடுவாரு. ஒரு ஸ்கோன் குடுத்தா, நின்ன எடத்துலயே தின்னுட்டு, சட்டையில துகள் ஒட்டியிருக்கான்னு தட்டிப் பாப்பாரு. உங்களுக்கு அவ்வளவு பயப்படுறாரு." அவள் சிரிக்கவில்லை. "போன் பண்ணது யாருன்னும் தெரியும். நெட்டி கடையில நின்னா எல்லாம் தெரியும்."

எனிட் கோப்பையைக் கீழே வைத்தாள். "தெரிஞ்சுமா டீக்குக் கூப்பிட்டீங்க?"

"வாரியத்துக்காரரு என்னிக்கு வருவாருன்னு தெரியாது. இன்னிக்கே வந்தது தற்செயலா நடந்துபோச்சு. நான் கூப்பிட்டது வேற எதுக்கும் இல்ல, இந்த வீட்டுல கடைசிவரைக்கும் இருக்கலாம்னுதான் வந்திருக்கேன். நான் தும்முனாகூட வேலிக்கு அந்தப் பக்கம் ஒருத்தர் கணக்கு வெச்சுக்கிட்டு இருந்தா எப்படி இருக்கறது?"

எனிட் வெகுநேரம் விரிப்பின் ஓரத்தைத் திருகிக்கொண்டிருந்தாள். "அன்னிக்கு எங்க பீப்பாயில பாதிக்கு மேல தண்ணி இருந்துச்சு" என்றாள் கடைசியில்.

"தெரியும். அன்னிக்குச் சாயங்காலம் நீங்க பீப்பாயில வாளியை விட்டீங்க. தண்ணிச் சத்தம் கேட்டுச்சு."

வீட்டுக்கு வந்தபோது பெர்சி படியில் உட்கார்ந்து ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தான். எனிட் அவன் முன்னால் வந்து நின்றாள். தொப்பியைக்கூடக் கழற்றவில்லை.

"என் சோப்பு வாசனை அவ தோட்டத்துல அடிக்குது."

பிரஷ் நின்றது. "பாதிதான் எனிட். பாதியை நம்ம கொடிக்குத்தான் ஊத்துனேன்."

"ஏன்?"

"அன்னிக்கு நீ இல்லன்னு சொன்னியே. நான் பின்னாடிதான் பட்டாணி உரிச்சிட்டிருந்தேன். அந்தம்மா காலி வாளியோட திரும்பிப் போனாங்க. எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு."

"அத என்கிட்ட சொல்றதுக்கென்ன?"

"சொன்னா நீ வேணாம்ப."

"அப்புறம் ஏன் நான் குடுத்தேன்னு சொன்ன? நீ குடுத்தேன்னு சொல்றதுதானே?"

பெர்சி ஷூவையே பார்த்தான். "உன்னைப் பத்தி அவங்க மோசமா நினைக்கக்கூடாதுன்னுதான். நீ அவ்வளவு மோசம் இல்லியே எனிட்."

கோபம் வரவேண்டும் என்று எனிட் காத்திருந்தாள். வந்ததுதான். ஆனால் அதை யார்மேல் போடுவது என்று தெரியவில்லை. அவனுக்கும் அந்தப் பெண்ணுக்கும் நடுவே ஏதோ இருக்கிறது என்று அரைமணி நேரம் தான் நினைத்ததை அவனிடம் சொல்லவில்லை. எப்போதும் சொல்லப்போவதில்லை. உள்ளே போய்த் தொப்பியைக் கழற்றிவிட்டுக் குளித்தாள். தண்ணீரைக் கூடுதலாக விட்டுக்கொள்ளவும் இல்லை, குறைத்துக்கொள்ளவும் இல்லை.

பெர்சி குளித்து முடித்ததும் வாளியை அவளே மொண்டாள். "கை வலிக்கும், குடு" என்று அவன் வந்தபோது, "நீ இன்னொரு வாளியைத் தூக்கு" என்றாள். இருவரும் வேலி ஓரமாகச் சுற்றிக்கொண்டு போனார்கள். பாதி வழியில் தண்ணீர் தளும்பி அவள் காலணி நனைந்தது.

வெயில் சாய்ந்தும் வெளிச்சம் போகாத நேரம். மிசஸ் பாஸ்கோ கதவைத் திறந்து பார்த்தாள். எனிட் வந்த வழியெல்லாம் ஒரு வாக்கியத்தைத் தயார் செய்திருந்தாள். நேரில் பார்த்ததும் அது வரவில்லை. வாளியைப் பந்தலடியில் கவிழ்த்தாள். மண் அதைச் சத்தத்தோடு குடித்தது.

"காய் முத்திப்போகுது" என்றாள். "இன்னும் ரெண்டு நாள் விட்டா நாராயிடும். பறிக்கறவங்க யாருமில்லையா உங்களுக்கு?"

"நான் ஒருத்திதான். உச்சியில எட்டல."

"பெர்சிக்கு எட்டும். கூடை இருக்கா?"

மிசஸ் பாஸ்கோ கூடை எடுக்க உள்ளே போனாள். எனிட் கீழ்க் கொடியில் தொங்கிய ஒரு காயைக் கிள்ளி, இரண்டாக ஒடித்துப் பார்த்தாள். சடக்கென்று ஒடிந்தது. பாதியைப் பெர்சியிடம் கொடுத்துவிட்டு, மீதியைத் தன் வாயில் போட்டுக்கொண்டு பறிக்கத் தொடங்கினாள்.