பதினோரு ஒன்றுகள்

பதினோரு ஒன்றுகளை வரிசையாக எழுதினால் வரும் எண்ணை, ஒன்றையும் அதே எண்ணையும் தவிர வேறு ஏதாவது எண் மீதியில்லாமல் வகுக்குமா? இந்தப் பாழாய்ப்போன கேள்விதான் ஆசிஃபாவைக் கல்லூரியில் கவிழ்த்தது. "வகுக்காது சார்" என்று அடித்துச் சொன்னாள். நிரூபி என்றார் பேராசிரியர். நிரூபிக்கத் தெரியவில்லை. வகுப்பே சிரித்தது. அதற்குப் பிறகு கணக்கு வகுப்புப் பக்கமே போகவில்லை, படிப்பும் பாதியில் நின்றுபோனது.

இப்போது நெய்வேலி குவார்ட்டர்ஸில் இருந்துகொண்டே தபால்வழியில் அதே பட்டப்படிப்பில் மறுபடி சேரச் சொன்னான் கணவன் அஷ்ஃபாக். அந்த எண்ணுக்குத் தன் கையால் விடை கண்டால்தான் விண்ணப்பம் போடுவேன் என்றாள். ஃபோனைத் தட்டினால் நொடியில் வரும் விடைதான். தொடவே மாட்டாளாம். அடம் என்றால் அப்படியொரு அடம்!

கண்ணை மூடிக்கொண்டும் இறங்கவில்லை. அந்த எண்ணை வகுக்கிற எதையும் இருபத்திரண்டால் வகுத்தால் மீதி ஒன்று வந்தாக வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும். அதனால் அப்படிப்பட்ட பகா எண்களை மட்டும் எடுத்து இருபத்துமூன்று, அறுபத்தேழு, எண்பத்தொன்பது என்று தாவித் தாவிப் போகலாம். ஒரு லட்சத்து ஐயாயிரத்துச் சொச்சம் வரை ஒன்றும் அகப்படாவிட்டால், அப்புறம் எதுவுமே வகுக்காது.

மாதக்கணக்கில் வகுத்தார்கள். சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை பார்க்கும் அஷ்ஃபாக் முதலில் கேலிதான் செய்தான். பிறகு அவள் சமைக்க எழுந்தால் அவன் உட்கார்ந்தான், அவனுக்கு ஷிப்ட் பஸ் வந்தால் அவள் உட்கார்ந்தாள்.

விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் மத்தியானம் எல்லாம் முடிந்தது. எதுவும் வகுக்கவில்லை. அன்றைக்குச் சொன்னது சரிதான் என்று ஆசிஃபாவுக்குத் தலைகால் புரியவில்லை.

"பஸ் வந்தப்பல்லாம் நான் பாதியில வுட்டுட்டுப் போனத நீ முடிச்சிட்டல்ல?" என்று கேட்டான் அஷ்ஃபாக்.

எதையும் அவள் முடிக்கவில்லை. ஆரம்பித்தவர் முடித்திருப்பார் என்று ஒவ்வொரு முறையும் அவள் அடுத்த எண்ணுக்குப் போயிருந்தாள். சுரங்கத்திலோ பஸ் வந்துவிட்டால் போட்டது போட்டபடி, மிச்ச வேலை அடுத்த ஷிப்ட்டின் தலையில். பாவி மனுஷன், வீட்டிலும் அதையே செய்திருக்கிறான்.

சாயங்காலம் ப்ரவுசிங் சென்டரை மூடுவதற்குள் போய் விண்ணப்பம் போட்டாக வேண்டும், வகுக்காது என்றே வைத்துக்கொள், யார் வந்து கேட்கப்போகிறார்கள் என்று கெஞ்சினான்.

"நான் கேப்பேன் மச்சான்" என்றாள்.

பாதியில் நின்ற கணக்குகளைத் தேடியெடுத்து ஒவ்வொன்றாக முடித்தாள். அடுப்பில் குழம்பு தீய்ந்தது, அவள் திரும்பிப் பார்க்கவில்லை. இருபத்தோராயிரத்து அறுநூற்று நாற்பத்தொன்பதால் வகுத்தபோது மீதி பூஜ்யம் வந்தது. மறுபடி வகுத்தாள். அப்போதும் பூஜ்யம்தான்.

கல்லூரியில் அடித்துச் சொன்னது தப்பு. இத்தனை வருஷமாக அதைச் சரியென்று நம்பியதும் தப்பு. அஷ்ஃபாக்குக்கு முகமே செத்துவிட்டது. தப்பாப் போச்சேன்னு படிப்ப வுட்டுடாத புள்ள, அடுத்த வருசமாவது பாக்கலாம் என்று இழுத்துக்கொண்டே நிமிர்ந்தான்.

ஆசிஃபா புர்க்காவை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள்.

"தப்புன்னு நிரூபிச்சது நான்தான? வண்டிய எடுங்க, ப்ரவுசிங் சென்டர மூடிடப்போறாங்க."