மண்டியிட்டிருந்த அரசர் எழுந்து நின்ற விவரம்

லண்டன் அருங்காட்சியகம் ஒன்றின் பதினான்காம் கூடத்தில், இருநூற்றுப் பதினெட்டு ஆண்டுகளாக ஓர் ஓவியத்துக்குள் மண்டியிட்டபடி ஆங்கிலேயக் கேணலிடம் வாளை நீட்டிக்கொண்டிருந்த நெடுங்கரைச் சீமையின் கடைசி அரசர் விசயநாத அமரகோன், 2022 மார்ச் மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், முற்பகல் பதினொன்றே காலுக்கு எழுந்து நின்றார். அப்போது கூடத்தில் இருந்தவர்கள் ஒரு ஜப்பானியத் தம்பதியும் வாசலோரக் கதிரையில் இருந்த காவலர் ஆனந்தராஜாவும் மட்டுமே. தம்பதியினர் இது தினமும் அந்த நேரத்துக்கு நடப்பதாக்கும் என்று நினைத்து, படமெடுத்துக்கொண்டு அடுத்த கூடத்துக்குப் போய்விட்டார்கள். ஆனந்தராஜா கதிரையை விட்டு எழுந்தார். பெரியவர் ஒருவர் நிற்கும்போது தான் கதிரையில் இருப்பது சரியில்லை என்று அவருக்குப் பட்டது. கிட்டப் போய், “என்னய்யா, ஏதும் பிரச்சினையோ?” என்று தாழ்ந்த குரலில் கேட்டார். அரசர் முழங்காலைத் தேய்த்துக்கொண்டே, “மரத்துவிட்டது. தவிரவும், நாம் யாரிடமும் மண்டியிடவே இல்லை” என்றார்.

அரசர் சொன்னது உண்மை. அமரகோன்கள் ஐந்து தலைமுறைக்கு முன்பு மாடு மேய்த்தவர்கள். பஞ்ச காலத்தில் கிணறு வெட்டி, கிணற்றைச் சுற்றிச் சுவர் எழுப்பி, சுவருக்குள் இருந்ததைக் கோட்டை என்று சொல்லி, சொன்னதை ஊர் நம்பியதால் அரசர்களானார்கள். உலகத்து அரச வம்சங்கள் பலவும் இதைவிடக் கேவலமாகத்தான் தொடங்கியிருக்கின்றன. விசயநாதர் பத்தொன்பது வயதில் பட்டத்துக்கு வந்தார். பதினொரு குளம் வெட்டினார். கும்பெனிக்காரர் வரி கேட்டபோது, குளம் வெட்டியது நான், மழையை அனுப்பியது வானம், இதில் உனக்கு என்ன பங்கு என்று எழுதியனுப்பினார். மூன்று மாதம் போர் நடந்தது. கடைசியில் மைத்துனர் கோட்டைத் திறவுகோலைக் கொடுத்துவிட்டார். அரசர் சவரம் செய்துகொண்டிருந்த வேளையில், ஒரு பக்க மீசையோடு, நின்ற நிலையில் பிடிபட்டார். நாலே மாதத்தில் தீவுச் சிறையொன்றில் காய்ச்சல் கண்டு செத்தார். கேணல் லண்டனுக்குத் திரும்பி, இந்தியாவையே கண்டிராத ஓவியர் ஒருவரிடம், அரசர் எப்படி மண்டியிட்டார் என்று நடித்துக் காட்டினார். ஓவியர் வரைந்தார், அதுவே வரலாறாகிவிட்டது.

அருங்காட்சியகம் முதல்வேலையாகப் பழுது அறிக்கை ஒன்று எழுதியது. சீரமைப்பாளர் வந்து அரசரை மறுபடி மண்டியிட வைத்து வரைந்தார். மதியச் சாப்பாட்டு நேரத்துக்குள் அரசர் காயாத சாயம் முழங்காலில் ஒட்டியிருக்க எழுந்து நின்றார். ஐந்து தடவை வரைந்தார்கள், ஐந்து தடவையும் எழும்பினார். கமெரா பதிவுகளைப் பார்த்ததில், ஆனந்தராஜா கொட்டாவி விட்டதைத் தவிர வேறு குற்றம் தெரியவில்லை. ஆனாலும் அவர்மேல்தான் சந்தேகம் விழுந்தது, கூடத்தில் தமிழ் பேசக்கூடியவர் அவர் ஒருவர்தானே. பொறுப்பாளர் அம்மையார் மிகவும் மரியாதையான மனுசி. அவர் மரியாதையாகவே கேட்டார்: அரசர் மண்டியிட்டார் என்பதற்கு ஓவியம் ஆதாரமாக இருக்கிறது, மண்டியிடவில்லை என்பதற்கு அவரிடம் என்ன ஆதாரம்? இரண்டு கிழமைக்குள் எழுத்தில் தந்தால் குழு பரிசீலிக்கும். இல்லையென்றால் ஓவியத்தைச் சுருட்டி நிலவறையில் வைத்துவிடுவார்கள்.

அன்று செவன் கிங்ஸ் பகுதியில் இருக்கும் வீட்டுக்குத் திரும்பிய ஆனந்தராஜா, சாப்பிடும்போது நடந்ததைச் சொன்னார். அவர் மனைவி சிவரூபினி, “செத்துப்போன ராசாவுக்காக இருக்கிற வேலையையும் துலைக்கப் போறியளோ?” என்று கேட்டார். வேலை போனால் இந்த வயதில் யாரும் கூப்பிட்டுத் தரப்போவதில்லை என்பதும் சரிதான். ஆனால் ஆதாரம் எங்கே என்ற கேள்வியை ஆனந்தராஜா முன்பும் எதிர்கொண்டிருக்கிறார். 1999இல் அவர் அகதி விண்ணப்பம் போட்டபோது, உமது கதை நம்பும்படியாக இல்லை என்று இரண்டு முறை எழுதி அனுப்பியிருந்தார்கள். அதனால் சனிக்கிழமை அவர் ஈஸ்ட் ஹாமில் ஒரு சேலைக்கடைக்கு மேலே குடியிருக்கும் செபமாலைமுத்து மாஸ்டரிடம் போனார். மன்னாரில் கணக்குப் படிப்பித்த மாஸ்டர், அந்தக் காலத்தில் நானூறு பேருக்கு மேல் அகதி விண்ணப்பத்துக்கான ஸ்டேட்மென்ட், அதாவது வாக்குமூலம், எழுதிக் கொடுத்தவர்.

“ஆருக்கு ஸ்டேட்மென்ட்?”

“ஒரு ராசாவுக்கு, மாஸ்டர்.”

“எந்த வருசம் வந்தவர்?”

“ஆயிரத்து எண்ணூற்று நாலு.”

மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “பிந்திப் போச்சு. எண்டாலும் ஃப்ரெஷ் கிளெய்ம் எண்டு புதுசா ஒரு விண்ணப்பம் போடலாம். ஊரில சமாதான நீதவான் குடுத்த ஜேபி கடிதம் ஏதும் இருக்கோ? சேர்ச் ஃபாதரிட்டை? ஒண்டும் இல்லையோ? அப்ப கதைதான் கை கொடுக்கவேணும். உம்மட ஃபைல் இன்னும் என்ரை கொம்பியூட்டரில கிடக்கு. அதுக்கு மேலால அடிச்சா வேலை கெதியில முடியும்.”

எங்கள் ஆட்களின் ஸ்டேட்மென்ட்கள் பெரும்பாலும் அப்படித்தான் எழுதப்பட்டன. ஒருவருடையதைத் திறந்து, பெயரையும் ஊரையும் மாற்றி, மற்றவருடைய துன்பத்தை அதற்கு மேல் அடிப்பது. எங்கள் ஆட்களிடம் இன்னொரு பழக்கமும் உண்டு. எழுதி முடித்ததைத் திரும்ப வாசிக்கமாட்டார்கள். ஒரு தடவை சொன்னதே போதும் என்றிருக்கும். மாஸ்டர் வாசிக்கவில்லை. அரசருக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனந்தராஜா கடைசிப் பக்கத்தில் தேதி சரியா என்று மட்டும் பார்த்தார்.

விசாரணை பதினான்காம் கூடத்திலேயே, ஓவியத்துக்கு முன்னால் நடந்தது. குழுவில் ஐந்து பேர், தேநீர், பிஸ்கட். ஸ்டேட்மென்ட்டில் குளங்களைப் பற்றிய பந்திகளை அம்மையார் மெச்சினார். ஏழாம் பந்திக்கு வந்ததும் பேனாவால் கோடிட்டு, இதைச் சற்று உரக்க வாசிக்க முடியுமா என்று ஆனந்தராஜாவைக் கேட்டார். அவர் வாசித்தார்: “தாண்டிக்குளம் இராணுவச் சோதனைச் சாவடியில் என்னை வெயிலில் மூன்று மணித்தியாலம் முழங்காலில் இருத்தினார்கள். நான் விரும்பித்தான் சரணடைந்தேன் என்று எழுதிய தாளில் கையெழுத்து வாங்கினார்கள்.” ஆக, அரசரே ஒப்புக்கொள்கிறார், மண்டியிட்டிருக்கிறார் என்றார் குழுவில் ஒருவர், பிஸ்கட்டை நனைத்தபடி.

“அது அவர் இல்லை,” என்றார் ஆனந்தராஜா. “முழங்காலில இருந்தது நான்.”

அம்மையார், இது மிகவும் வருத்தத்துக்குரியது, ஆனால் இன்றைய நிகழ்ச்சி நிரலில் இல்லை என்றார். ஒரு தாளை ஆனந்தராஜா பக்கம் நகர்த்தினார். அரசர் எப்போதும் மண்டியிட்டே இருந்தார், எழுந்ததை நான் காணவில்லை என்று அதில் இருந்தது. கையெழுத்து வைத்தால் வேலை இருக்கும். ஆனந்தராஜா தாளைத் திருப்பி வைத்தார். “ஒருக்கா பயத்தில வைச்சனான், மேடம். இனி ஏலாது,” என்று தமிழிலேயே சொன்னார். மொழிபெயர்க்க ஆளில்லாவிட்டாலும் குழுவுக்கு அது விளங்கியது.

ஓவியத்தில் நின்றிருந்த அரசர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். “உம்மை முழங்காலில் இருத்தியவன் யார்?” என்று கேட்டார்.

“பேர் தெரியாதய்யா. சின்னப் பெடியன். அவனுக்கும் பயம்தான்.”

அரசர் வாளை இடுப்பில் செருகி, வேட்டியைச் சற்றுத் தூக்கி, தங்க முலாம் பூசிய சட்டத்தைத் தாண்டிக் கீழே இறங்கினார். “வாரும், போவோம்,” என்றார். வாளைக் கண்ட வாசல் காவலர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். உள்ளே வரும் ஆயுதங்களைப் பற்றித்தான் அவர்களுக்கு விதி இருந்தது, வெளியே போகிறவற்றைப் பற்றி இல்லை.

வீட்டுக் கதவைத் திறந்த சிவரூபினி இருவரையும் மேலும் கீழும் பார்த்தார். “வேலைக்குப் போன மனுசன் வேலையை விட்டிட்டு ராசாவோட வந்து நிக்கிறார். ஐயா, சோறும் புளிச்சொதியும் சாப்பிடுவியளோ?” என்றார். அரசர் நின்றபடியே மூன்று தட்டுச் சாப்பிட்டார். ஏழாம் பந்தியின் கதையை அன்றுதான் சிவரூபினி முதன்முதலாகக் கேட்டார். “இருபத்திரண்டு வருசம் ஒரு வீட்டில இருந்தும் எனக்கு வாய் திறக்கேல்லை, என்ன?” என்று சட்டியை உரசிக் கழுவினார். பிறகு நல்லெண்ணெயைச் சூடாக்கிக் கொண்டுவந்து, கணவரின் முழங்காலில் தேய்த்தார்.

அருங்காட்சியகத்தில் இப்போது கேணல் மட்டும், எதிரே ஒருவருமில்லாமல், கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் காசு கேட்கிறார் என்று நினைத்துச் சில்லறையைச் சட்டத்தின் அடியில் வைத்துவிட்டுப் போகிறார்கள். ஜூன் மாதம் அந்தக் கை மெதுவாகத் தாழத் தொடங்கியது. அது நோகக்கூடும் என்று ஒரு கிழமைக்குள் குழு கூடி, கைக்குக் கீழே ஒரு தாங்கியும் அதற்கு மெத்தையும் வரைந்து கொடுத்தது. அரசரின் முழங்காலுக்காக இருநூற்றுப் பதினெட்டு ஆண்டுகளில் ஒரு கூட்டமும் நடந்ததாகப் பதிவில்லை.

ஆனந்தராஜாவுக்கு இல்ஃபர்டில் மரக்கறிக் கடையொன்றில் பகுதிநேர வேலை கிடைத்தது. அரசருக்கு முதியோர் பஸ் பாஸ் எடுக்கப் போனபோது, பிறந்த ஆண்டு 1768 என்று நிரப்பக் கவுன்சில் படிவத்தில் வழியிருக்கவில்லை. மாஸ்டர், பிறந்த நாள் தெரியாதவர்களுக்கு எங்கள் வழக்கப்படி, ஜனவரி முதலாம் திகதி என்று போட்டு, ஆண்டை 1950 ஆக்கினார், பத்து நாளில் பாஸ் வந்தது. காலையில் இருவரும் 86ஆம் இலக்க பஸ்ஸில் ஏறுகிறார்கள். எத்தனை இருக்கை காலியாக இருந்தாலும் அரசர் உட்காருவதில்லை. ஓட்டுநர்களுக்குப் பழகிவிட்டது, வாளைச் சற்று உள்ளே இழுத்துக்கொள்ளும்படி மட்டும் சொல்கிறார்கள். ஆனந்தராஜா ஜன்னலோரம் இருந்து முழங்காலை நீட்டிக்கொள்கிறார். அந்தக் காலை யாரும் மிதித்துவிடாதபடி அரசர் முன்னால் நிற்கிறார்.