உபதேசியாரின் இடது முழங்கால்

1912ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் பதினான்காம் தேதி, புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு எங்கள் மிஷன் வைத்தியசாலையின் முன்னறையில் இருந்தவர்கள்: மேஜைக்குப் பின்னால் டாக்டர் கிருபைராஜ். அவருக்கு இடப்பக்கம் மைக்கூட்டோடு ரைட்டராகிய நான், பாக்கியசீலன். ஜன்னலோரப் பெஞ்சில் வாதி அப்பாத்துரை உபதேசியார், இடதுகாலை நீட்டி வைத்தபடி. அவரை ஒட்டி அவர் மனைவி ஜெபகனி அம்மாள். எதிர்ப் பெஞ்சில் பிரதிவாதி காஜா முகைதீன், ஏழு ஜட்கா வண்டிக்குச் சொந்தக்காரர். அவருடைய வக்கீல் சிவசண்முகம் பிள்ளைக்கு நாற்காலி போட்டிருந்தோம், அவர் உட்காரவில்லை. வாதியின் வக்கீலுக்கு ஸ்ரீவைகுண்டத்தில் வேறு வழக்கு, வரவில்லை.

சங்கதி இதுதான். போன ஐப்பசி மழையில் காஜா முகைதீனின் வண்டி ஒன்று கடையாணி கழன்று, சக்கரம் ஒருபக்கம் ஓட, உள்ளே இருந்த உபதேசியார் மறுபக்கம் விழுந்தார். முழங்கால் போயிற்று என்று நஷ்டஈட்டுக்கு வழக்குப் போட்டார். கால் எப்போதோ ஆறிவிட்டது, நடிக்கிறார் என்பது பிரதிவாதியின் பதில். முன்சீப் கோர்ட்டார் எங்கள் டாக்டருக்கு உத்தரவு அனுப்பினார்கள்: இரு கட்சியார் முன்னிலையில் காலைப் பரிசோதித்து, அது மடங்கி நிமிர்கிறதா, முன்போல நடக்க உதவுமா என்று எழுதித் தரவேண்டியது.

வழக்கைவிடப் பெரிய பயம் ஒன்று உபதேசியாருக்கு இருந்தது. பொய் வழக்கென்று தெரிந்தால் வேலையிலிருந்து நீக்கிவிடுவதாகச் சபைக் கமிட்டியார் கடிதம் போட்டிருந்தார்கள். பதினோரு கிராமங்களுக்கு இருபத்தாறு வருஷம் வேதம் சொல்லக் கால்நடையாகப் போய் வந்த மனிதர்.

"காலு மடங்காதுன்னு பிராதுல எழுதியிருக்கீரு," என்று தொடங்கினார் வக்கீல். "ஆனா போன மாசம் கோவில்ல நின்னு முக்கால் மணி நேரம் பிரசங்கம் பண்ணியிருக்கீரு."

"நிக்கதுக்குக் காலு மடங்க வேண்டாம், ஐயா," என்றார் ஜெபகனி அம்மாள். "அதக் கேட்டுக்கிட்டு உக்காந்திருந்த எங்களுக்குத்தான் காலு மரத்துப் போச்சு."

காஜா முகைதீன் சிரித்துவிட்டார். வக்கீல் அவரைத் திரும்பிப் பார்த்ததும் வாயைத் துண்டால் துடைத்துக்கொண்டார்.

டாக்டரிடம் ஒரு பழக்கம் உண்டு. கொப்புளமானாலும் கைமுறிவானாலும், ஜெபம் பண்ணாமல் நோயாளியைத் தொடமாட்டார். அன்றும் எழுந்து, "முழங்காற்படியிடுவோம்," என்றார்.

நான் முழங்காலிட்டுக் கண்ணை மூடினேன். ஜெபகனி அம்மாளின் வளையல் தரையில் உரசியது. அடுத்து, நெல்மூட்டையை இறக்கினதுபோல் 'தொம்' என்று ஒரு சத்தம்.

"எழுதும்வே, ரைட்டர்!" என்றார் வக்கீல், ஜெபத்துக்கு நடுவிலேயே. "வாதி தானாவே முழங்காலப் போட்டுட்டாரு! ரெண்டு காலும் மடங்கிட்டு!"

டாக்டர் ஜெபத்தை நிறுத்தவில்லை. ஆமென் சொன்ன பிறகுதான் கண்ணைத் திறந்தேன். உபதேசியார் பெஞ்சுக்கு முன்னால் மண்டியிட்டிருந்தார். பழக்கம் ஆளை இறக்கிவிட்டது. வழக்கு ஞாபகம் வரவில்லை. நாங்கள் எழுந்தோம். அவர் எழவில்லை.

"இன்னும் கொஞ்சம் ஜெபிச்சுக்கிடுதேன்," என்றார், கண்ணை மூடியபடியே.

ஜெபித்தார். முன்சீப்புக்காக, அவர் குடும்பத்துக்காக. டாக்டருக்காக. சிவசண்முகம் பிள்ளையின் தேக சுகத்துக்காகவும் நல்ல புத்திக்காகவும். தாமிரபரணியில் வெள்ளம் வராமலிருக்க. பிறகு, ஜட்கா குதிரைகள் ஏழுக்காகவும். அவர் நெற்றியிலிருந்து வேர்வை மூக்குநுனிக்கு வந்து சொட்டியது.

"ஏங்க, போதும்," என்றார் ஜெபகனி அம்மாள் மெதுவாக. "மிச்சத்த வீட்ல போயி ஜெபிக்கலாம்."

"நீ சும்மா இரி. இன்னும் கலெக்டரு பாக்கி."

காஜா முகைதீன் பெஞ்சைவிட்டு எழுந்தார். நேரே போய் உபதேசியாருக்கு இடப்பக்கம் குனிந்து, அவர் கையைத் தன் தோள்மேல் போட்டுக்கொண்டார்.

"உபதேசியாரே, கலெக்டரு அவரு பாட்டப் பாத்துக்கிடுவாரு. பைய எந்திரிங்க. வலது கால ஊனுங்க. ஆங், அப்படித்தான்."

"முதலாளி! என்ன செய்யுதிய?" என்று வக்கீல் பாய்ந்து வந்தார். "கேஸக் கெடுக்காதிய!"

"வக்கீலய்யா, நான் அஞ்சு வேளை தொழுகுதவன். எனக்கும் வலது முழங்காலு சரியில்ல. தரையில நெத்திய வச்சு சுஜூதுக்குப் போறது லேசு. எந்திரிக்கும்போதுதான் உசிரு போகும். வெளிய தெரியக்கூடாதுன்னு நானும் துவா ஓதுத மாதிரி உக்காந்திருக்கேன். அத ஒமக்கு எப்படி வெளங்கும்?"

அவரும் ஜெபகனி அம்மாளும் சேர்ந்து உபதேசியாரைப் பெஞ்சில் ஏற்றினார்கள். உட்கார்ந்ததும் அவர், "முழங்காலு போட்டது நெசந்தான்," என்றார் என்னைப் பார்த்து. "மறைக்காம எழுதுங்க, தம்பி. என்ன வந்தாலும் வரட்டும்."

டாக்டர் நாடாவை எடுத்து இரண்டு தொடைகளையும் அளந்தார். இடது தொடை ஒன்றரை அங்குலம் மெலிந்திருந்தது. "பத்து மாசத்துல நடிச்சு இப்படி மெலிய வைக்க முடியாது," என்றார். இடது காலைக் கையால் மடக்கினார், மடங்கியது. நிமிர்த்தும்போது உபதேசியார் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

நான் எழுத உட்கார்ந்தேன். வக்கீல் என் தோளருகே வந்து நின்றார்.

"வாதி முழங்காலிட்டார். அங்கன புள்ளி வையும்."

"அவர் இறங்கினதை நான் பார்க்கலய்யா. கண்ண மூடியிருந்தேன். நீங்க சொன்னதா எழுதுதேன். எழ முடியாம இருந்ததப் பார்த்தேன். அத நான் பார்த்ததா எழுதுதேன்."

"எதுக்குவே ரெண்டும்?"

"ரெண்டும் நடந்திச்சே."

அப்படியே எழுதினேன்: ஜெபத்தின்போது வாதி தாமாக முழங்காலிட்டதாகப் பிரதிவாதியின் வக்கீல் சொன்னார், வாதியும் ஒப்புக்கொண்டார். ஜெபம் முடிந்தும் ஏறக்குறைய ஏழு நிமிஷம் எழமாட்டாமல் இருந்தார். பிறர் தூக்கிவிட்டே எழுந்தார். இடது தொடை ஒன்றரை அங்குலம் மெலிவு. கால் மடங்கும், தானாக நிமிராது. கிராமங்களுக்குக் கால்நடையாகப் போக இனி உதவாது.

டாக்டர் வாசித்துக் கையெழுத்திட்டார். காஜா முகைதீன் மேஜைக்கு வந்தார்.

"தூக்கிவிட்டது யாருன்னு எழுதலியே?"

"எழுதினா உங்களுக்குத்தான் பாதகம், அண்ணாச்சி."

"நான் நடிக்காருன்னு சொன்னேன்லா. அதையும் கோர்ட்டுல நாந்தான திருத்தணும்? எழுதுங்க."

எழுதினேன். அதன் கீழே அவர் கையெழுத்திட்டார். சிவசண்முகம் பிள்ளை நாற்காலியில் அப்போதுதான் உட்கார்ந்தார்.

"கமிட்டியாருக்கும் இதுல ஒரு நகல் அனுப்பணும்," என்றார் ஜெபகனி அம்மாள். "இருபத்தாறு வருஷம் நடந்த காலு. ஒரு பள்ளிக்கூடத்துல உக்கார வச்சு வேலை குடுக்கலாம்லா?" டாக்டர் தலையசைத்தார். நான் நகல் எடுத்ததும் அந்தச் சிபாரிசையும் அதன் அடியில் தன் கையாலேயே எழுதிக் கொடுத்தார்.

உறைகளில் விலாசம் எழுதி, அரக்கை உருக்கி இரண்டிலும் முத்திரை வைத்தேன். கோர்ட்டுக்குப் போக வேண்டிய உறைக்கு வக்கீல் கையை நீட்டினார்.

"நான் அந்தப் பக்கந்தான் போறேன். கொண்டுட்டுப் போயிக் குடுத்துருதேன்."

"எந்தக் கட்சி ஆளு கையிலயும் கொடுக்க விதியில்லய்யா," என்று சொல்லி, அரக்கு காய்ந்ததைத் தொட்டுப் பார்த்து, வைத்தியசாலைச் சேவகன் சொரிமுத்துவைக் கூப்பிட்டு, அனுப்பு புஸ்தகத்தில் மணி பதினொன்றே கால் என்று குறித்து, இரண்டு உறைகளையும் அவனிடம் கொடுத்தனுப்பினேன்.