ஒரு பிஸ்கட்டில் தொங்கும் கல்யாணம்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஷார்ஜாவில், நான் சலவைத்தூள் வாங்கப் போன இடத்தில் கிடைத்தது. ஒரு சூடானிப் பெண் காகிதத் தட்டில் பிஸ்கட் அடுக்கிக்கொண்டு அந்தப் பெரிய கடைக்குள் நுழைந்தாள். பின்னால் அவள் கணவன். நான் கண்ணால் கண்டது அவ்வளவுதான். சூடானிகளோடு ஒரே அலுவலகத்தில் பல வருஷம் இருந்து, அவர்கள் ஊட்டியதைத் தின்று கொழுத்தவன் என்ற தைரியத்தில் மீதியைக் கட்டுகிறேன்.

2

"கடலென விரிந்து கிடந்தது கடை. அதில்..."

(வேண்டாம். அங்கே தக்காளியைத் தேடி நடந்தவனுக்குக் கடலெல்லாம் தோன்றாது. கால்தான் வலிக்கும்.)

சரி, மறுபடியும். அவள் பெயர் இக்லாஸ். கணவன் பாபிகர். முந்தின நாள் அந்தக் கடையில் வேலை செய்யும் பெண் ஒருத்தி, ருசி பார்க்கச் சொல்லி இக்லாஸிடம் சின்னத் தட்டில் சீஸ் துண்டு நீட்டினாள். கடைக்கு அது விளம்பரம். இக்லாஸுக்கு உபசாரம். பெயர் கேட்டாள், அம்மா சுகமா என்றாள், தட்டையும் வீட்டுக்குக் கொண்டுபோனாள். வந்த தட்டை வெறுமையாகத் திருப்பித் தருவது அவர்கள் பக்கம் கிடையாது.

ஆக, மறுநாள் பிஸ்கட்.

3

சீஸ் பெண்ணுக்கு அன்று விடுமுறை. நின்றவன் மேற்பார்வையாளன் ஹைஸம், ஜோர்டான்காரன். (முதலில் முறுக்கு மீசை வைத்து இவனை வில்லனாக்கினேன். மனசு கேட்காமல் வழித்துவிட்டேன். தலைக்கு மேல் கேமரா, பாவம்.)

"கஸ்டமர்கிட்ட எதையும் வாங்கக் கூடாதுக்கா. சீட்டக் கிழிச்சிடுவாங்க."

"வாங்க வேணாம். சாப்பிடுங்க."

"ஐயோ, அதுவும் கூடாதுக்கா!"

இங்கேதான் பாபிகர் வாயை விட்டான். விருந்தாளி தயங்கினால் அவர்கள் ஆண்பிள்ளைகள் வாயில் தன்னால் வந்துவிழும் சத்தியம் அது. (எனக்கும் நடந்திருக்கிறது. மூன்றாவது தட்டுச் சோற்றைத் தின்று ஒரு நண்பனின் குடும்பத்தைக் காப்பாற்றியவன் நான்.)

"அட, ஒண்ணே ஒண்ணு தம்பி! நீ சாப்பிடலன்னா என் பொண்டாட்டிக்குத் தலாக்!"

வீடென்றால் விருந்தாளி தின்றுவிடுவான், குடும்பம் பிழைக்கும். இது கடை. ஹைஸமுக்கு முகம் வெளுத்தது.

"என்னண்ணே இது! வார்த்தைய வாபஸ் வாங்குங்க!"

"வாங்குற வார்த்தையா அது? கடிச்சிடு, முடிஞ்சுது."

"கடிச்சா என் வேலை போகும்!"

"கடிக்கலன்னா என் குடும்பம் போகும்!"

4

முடிவுகள்.

அ) ஹைஸம் கண்ணை மூடிக்கொண்டு கடிக்கிறான். வேலை போகிறது. (வீட்டில் கைக்குழந்தை வேறு. இப்போதுதான் சேர்த்தேன்.)

ஆ) தீ எச்சரிக்கை மணி அலறி, எல்லோரும் வெளியே ஓ—

(சீ. ஓடுவது நான்தான்.)

இ) பள்ளிவாசலுக்குப் போகிறார்கள். இமாம் பாபிகரை நன்றாகத் திட்டி அனுப்புகிறார்.

எழுதிய பிறகுதான் உறைத்தது, மூன்றிலும் இக்லாஸ் வாயே திறக்கவில்லை. கல்யாணம் அவளுடையது, ஆளாளுக்கு முடிவு செய்கிறோம். வெட்கமாகப் போய்விட்டது. பேசம்மா என்று ஒதுங்கிக்கொண்டேன்.

5

"ஏன்யா, குழாய் ரிப்பேர்காரன், வாட்ச்மேன், உன் மேனேஜர்... இத்தன வருஷமா என் கல்யாணத்த ஊரான் வாயில வச்சே ஓட்டுறியே. அவங்கள்லாம் தின்னாங்க, சரி. என்னைக்காவது என்னைக் கேட்டியா?"

"வாய் தவறி வந்துடுச்சு இக்லாஸ்..."

"நீ சும்மா இரு."

ஹைஸம் கேமராவைப் பார்த்தான், பாபிகரைப் பார்த்தான். வருவது வரட்டும் என்று பிஸ்கட்டை எடுக்கக் கையை நீட்டினான். இக்லாஸ் தட்டைச் சட்டென்று பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"அவசரப்படாதீங்க தம்பி. நான் யோசிச்சுச் சொல்றேன்."

கடையின் ஏசி குளிரிலும் பாபிகருக்கு வேர்த்தது. எனக்கும்தான். தட்டு அவள் கையில் இருக்கிறது. நீட்டினாள் என்றோ திருப்பி எடுத்துப்போனாள் என்றோ எழுத எனக்கு உரிமையில்லை. வாசகரே, உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன், நல்ல மனசில் நீங்களும் எட்டி ஒரு பிஸ்கட்டை எடுத்து வாயில் போட்டுவிடாதீர்கள்.